கிராதிக்கு இப்புறமும் அப்புறமும்: சேதுக்கரைக் கத்தோலிக்கத்தில் இனமும் சாதியும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், தூத்துக்குடியையும் இராமநாதபுரத்தையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள சாயல்குடி, வெவ்வேறு வழிகளில் வளர்ந்த இரண்டு கத்தோலிக்க மரபுகள் சந்திக்கும் இடத்தில் இருக்கும் ஊர். அதன் தெற்கே கடலோரத்தில் மூக்கையூரும், தென்மேற்கே வேம்பாரும் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரின் துணையோடு பரதவரிடையே பரவிய கடற்கரைத் திருச்சபையைச் சேர்ந்தவை. வடக்கே கடலாடி, முதுகுளத்தூர், கமுதி என விரியும் உள்நாடோ, மதுரை மிஷன் எனப்பட்ட இயேசு சபையாரின் பணித்தளம் காவியுடை தரித்த குருக்களைக் கொண்டு 17ஆம் நூற்றாண்டில் நுழைந்த மறவர் சீமை. நம்பிக்கை அறிக்கையும் ஒன்று, திருப்பலியும் ஒன்று, உரோமையின் தலைமையும் ஒன்று என்றாலும், ஒரே பந்தியில் அமர்வதும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெறுவதும் இவ்விரு பகுதிகளிலும் நெடுங்காலம் இயலாதவையாகவே இருந்தன. இந்தப் பிரிவினையைச் சாதி என்ற ஒற்றைக் காரணத்தால் விளக்கிவிடுவது வழக்கம். ஆனால் பீடத்தையும் மக்கள் பகுதியையும் பிரிக்கும் குறுந்தடுப்பாகிய கிராதிக்கு அப்புறம் யார் நிற்கலாம் என்பதை இனமும், இப்புறம் யார் எங்கே அமரலாம் என்பதைச் சாதியும் முடிவு செய்தன என்பதும், இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதும் இக்கரையின் வரலாற்றை ஊன்றிப் படித்தால் புலனாகும்.

முத்துக்குளித்துறை எனப்பட்ட கன்னியாகுமரி முதல் இராமேசுவரம் வரையிலான கரையில் பரதவர் 1535ஆம் ஆண்டு முதல் திருமுழுக்குப் பெறத் தொடங்கினர். முத்துச்சலாபத்தின் மீது ஆதிக்கம் செலுத்திய முஸ்லிம் வணிகர்களோடு மூண்ட பகையில் போர்த்துகீசியரின் கடற்படைப் பாதுகாப்பை நாடியே அவர்கள் கொச்சிக்குத் தூது அனுப்பினர். சில ஆண்டுகளுக்குள் சுமார் 20,000 பேர் கிறித்தவரானதாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு சாதி முழுவதும் தன் தலைவர்களோடும் கட்டுப்பாடுகளோடும் அப்படியே திருச்சபைக்குள் நுழைந்ததால், பங்கு என்னும் திருச்சபை அமைப்பும் ஊர் என்னும் சாதி அமைப்பும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகிப்போயின. 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் மந்திரங்களைத் தமிழில் மனப்பாடமாகக் கற்பித்தார் எனினும், அவர் கண்டதும் வளர்த்ததும் இந்தச் சாதித் திருச்சபையையே. தூத்துக்குடியில் வாழ்ந்த சாதித் தலைவரின் அதிகாரம் கோயில் நிர்வாகத்திலும் செல்லுபடியானது. பரதவருக்குள்ளேயே பிற்காலத்தில் மேசைக்காரர், கம்மாரக்காரர் என்ற உட்பிரிவுகள் தோன்றி, கோயில் மரியாதைகளுக்காக மோதிக்கொள்ளும் அளவுக்கு அந்த மரபு வேரூன்றியது.

இராமநாதபுரக் கரையில் நடந்த ஒரு கொலைக்கும் இன விலக்கின் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு அதிகம் பேசப்படுவதில்லை. மண்டபத்துக்கு மேற்கே உள்ள வேதாளையில் இருந்த போர்த்துகீசியப் படைத்தலைவன், இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களிடம் கட்டாயச் சுங்கம் வாங்கியதால் ஆத்திரமடைந்த வடுகர் படை 1549இல் அவ்வூரைத் தாக்கியது. படைத்தலைவன் தப்பிவிட, தம் மக்களைக் கப்பலேற்றிவிட்டுக் கரையிலேயே நின்ற இத்தாலியக் குரு அந்தோணியோ கிரிமினாலி ஈட்டிகளுக்கு இரையானார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று அவரைக் குறிப்பிடுவர். அவருடைய இடத்துக்குச் சக குருக்கள் தேர்ந்தெடுத்தவர் அன்றிக் அன்றீக்கஸ். போர்த்துகல்லில் பிறந்த இவருடைய முன்னோர் யூதர். அக்காலத்து ஐபீரிய நாடுகளில், யூத அல்லது முஸ்லிம் மூதாதையரைக் கொண்டோர் எத்தனை தலைமுறை கிறித்தவராக வாழ்ந்திருந்தாலும் ‘புதுக் கிறித்தவர்’ என்றே ஒதுக்கப்பட்டனர். ‘இரத்தத் தூய்மை’ என்ற பெயரில் பதவிகளும் துறவுச் சபைகளும் அவர்களுக்கு மூடப்பட்டன. பிரான்சிஸ்கு சபை அன்றீக்கஸை இக்காரணம் பற்றியே வெளியேற்றியிருந்தது. அவரை ஏற்றுக்கொண்ட இயேசு சபையும் தயக்கத்தோடுதான் ஏற்றது. அப்படி ஒதுக்கப்பட்டவரே பின்னர் போர்த்துகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதி, 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டு, 1586இல் ‘அடியார் வரலாறு’ என்ற பெருநூலையும் அச்சேற்றி, சுமார் அரை நூற்றாண்டுக் காலம் இக்கரையில் உழைத்து 1600இல் புன்னைக்காயலில் இறந்தார்.

அவர் உயிரோடு இருந்தபோதே கதவுகள் அடைபடத் தொடங்கின. கொல்லத்தைச் சேர்ந்த பிராமண இளைஞரான பேரோ லூயிஸ் 1561இல் இயேசு சபையில் சேர்க்கப்பட்டு 1575இல் குருவானார். அவரும் முத்துக்குளித்துறையில் பணியாற்றியவரே. அவரைப் போன்றோரை மேலும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கைகள் எழுந்தும், கீழைநாட்டுப் பணிகளை மேற்பார்வையிட வந்த அலெசாண்ட்ரோ வாலிஞானோ மனிதரை நிறத்தின்படி தரம்பிரித்து, இந்தியர் துறவு வாழ்வுக்கு ஏற்றவரல்லர் என்று கருதினார். சபையில் இந்தியரைச் சேர்ப்பது நின்றுபோயிற்று. 1593இல் கூடிய இயேசு சபையின் பொதுப் பேரவை யூத, முஸ்லிம் மரபினரைச் சேர்ப்பதையும் தடைசெய்தது. அந்த விதி முற்றாக நீக்கப்பட்டது 1946இல்தான். விலக்கப்பட்டோர் பிறரை விலக்காமல் இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. ஐரோப்பியத் துறவுச் சபைகளில் இடம்பெற முடியாத கோவா நாட்டுக் குருக்கள் தங்களுக்கென அமைத்துக்கொண்ட ஒரத்தோரியன் சபை, கொங்கணிப் பிராமணரை மட்டுமே சேர்த்துக்கொண்டது. டச்சுக்காரரின் தடையை மீறிக் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கடல் கடந்த புனித யோசேப் வாஸ் அந்தச் சபையின் தலைசிறந்த மகன். அவருடைய தியாகத்தைப் போற்றும்போது அவருடைய சபையின் வாசலில் இருந்த தடையையும் நினைவில் கொள்வதே நேர்மையான வரலாறு.

உள்நாட்டுக் கதை வேறு திசையில் சென்றது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி, அங்கு ஏற்கெனவே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாந்தஸ் உயர்சாதியினர் ஒருவரைக்கூட மனம் மாற்ற இயலாமல் இருந்ததைக் கண்டார். மாட்டிறைச்சி உண்போர், மது அருந்துவோர், சாதியற்றோர் என்ற இகழ்ச்சியெல்லாம் ஐரோப்பியரைக் குறித்த பறங்கி என்ற பெயரில் அடங்கியிருந்த காலம் அது. நொபிலி தம்மைப் பறங்கியரிலிருந்து விலக்கிக்கொண்டு, பிராமண சந்நியாசியின் உடையும் உணவும் ஏற்று, தனிக்கோயில் கட்டினார். பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றை அவை சமயச் சின்னங்கள் அல்ல, குல அடையாளங்கள் என்று வாதிட்டு 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் அனுமதியையும் பெற்றார். இனப் பெருமையைத் துறந்த அரிய செயல் அது என்பதில் ஐயமில்லை. ஐரோப்பிய மேட்டிமையைக் களைந்த அதே கையால் உள்ளூர் மேட்டிமையை உடுத்திக்கொண்டார் என்பதும் மறுக்க முடியாதது. பிராமண சந்நியாசியாக வாழ்ந்த குரு ஒடுக்கப்பட்டோரோடு வெளிப்படையாகப் பழக முடியாததால், 1640இல் பல்தசார் தா கோஸ்தா முதல் பண்டாரசுவாமியாகக் களமிறங்கினார். பண்டாரம் எனப்படும் பிராமணரல்லாத சைவத் துறவியரின் தோற்றத்தை மேற்கொண்ட இவ்வகைக் குருக்கள் இருதரப்பினரையும் அணுகலாம் என்று கருதப்பட்டது. இவ்வாறு ஒரே சபையின் குருக்களே சாதிக்கொருவராக வகுக்கப்பட்டனர்.

மறவர் சீமையின் பெரும் பெயரான ஜான் தெ பிரிட்டோ, தமிழில் அருளானந்தர், இந்தப் பண்டாரசுவாமிகளில் ஒருவர். 1647இல் லிஸ்பனில் பிறந்து அரண்மனையில் வளர்ந்தவர் செம்மண் நிற உடையும் கைக்கோலுமாக இச்சீமையில் நடந்தார். 1686இல் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளாகி விடுதலை பெற்று, ஐரோப்பா சென்று, 1690இல் மீண்டும் வந்தார். 1693 தொடக்கத்தில் தடியத்தேவர் என்ற மறவர் குலத்தலைவர் அவரிடம் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் மறவர் சீமையின் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினர். அப்பெண்ணின் முறையீடு மன்னரிடம் சென்றதன் விளைவாக, 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் பாம்பாற்றங்கரையில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். அவ்விடத்துச் செம்மண்ணை இன்றும் எல்லாச் சாதியாரும், கிறித்தவரல்லாதாரும்கூட எடுத்துச் செல்கின்றனர். 1947 ஜூன் 22இல், இந்திய விடுதலைக்குச் சில வாரங்கள் முன்னர், அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

மதுரை மிஷனின் நடைமுறை எத்தகையது என்பதை அறிய நோயில் கிடந்த ஒரு பறையர் கிறித்தவருக்கு அருளடையாளம் வழங்கப்பட்ட விதத்தைப் பார்த்தாலே போதும். சாகும் தறுவாயில் இருப்பவருக்கு எண்ணெய் பூசி நற்கருணை வழங்குவது குருவின் முதற்கடமை. உயர்சாதியார் இல்லத்துக்குக் குரு நேரில் சென்றார். பறையரின் குடிசைக்குள் அவர் கால்வைத்தால் மற்றவர்கள் அவரை அணுக மாட்டார்கள் என்பதால், நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக் கோயிலுக்கோ ஊருக்குப் புறம்பான இடத்துக்கோ கொண்டுவரச் செய்து அங்கே சடங்கு நடத்தினர். வழியிலேயே உயிர் பிரியும் வாய்ப்பும் இருந்தது. திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704இல் வெளியிட்ட ஆணை, குருக்கள் பறையரின் இல்லங்களுக்குள்ளேயே சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்று கட்டளையிட்டது. இத்தகைய உள்ளூர் வழக்கங்களைப் பற்றி மலபார்ச் சடங்குகள் என்ற பெயரில் எழுந்து நாற்பது ஆண்டுகள் நீண்ட வழக்கை 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் முடித்துவைத்தார். அப்போதும் இயேசு சபையார் கண்ட வழி, பறையருக்கென்றே தனிக் குருக்களை நியமிப்பது. ஆணையின் எழுத்து காப்பாற்றப்பட்டது. அதன் உயிர் போயிற்று. மறு ஆண்டே, 1745 அக்டோபரில், புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் சாதியாரையும் பறையரையும் பிரித்துநின்ற சுவர், காரைக்கால் குருவின் தூண்டுதலால் பறையர் கிறித்தவர் தட்டிக்கேட்டதன் பேரில் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்துள்ளது. கேட்டவர்கள் அவர்களே என்பதுதான் அந்தப் பதிவில் கவனிக்க வேண்டியது.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் மறவர் சீமை கோவாக் குருக்களின் பொறுப்பில் விடப்பட்டது. 1830களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையார் திரும்பி வந்தபோது, போர்த்துகீசிய மன்னரின் பழைய உரிமையை நிலைநாட்டிய கோவாத் தரப்புக்கும் உரோமையிலிருந்து நேரடியாக அனுப்பப்பட்ட புதியவர்களுக்கும் இடையே கோயில்களுக்காகக் கடும் போட்டி எழுந்தது. 1886ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே அது தணிந்தது. இந்த இரட்டை ஆட்சியைச் சாதித் தலைவர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டனர். தேர் வடம் பிடிப்பதில் முதலிடம், திருவிழாவில் மாலையும் பரிவட்டமும் பெறும் வரிசை, கோயிலுக்குள் உட்காரும் பக்கம், நற்கருணை வாங்கும் முறை ஆகியவற்றில் குரு ஒரு தரப்புக்கு இணங்க மறுத்தால், ஊரோடு எதிர்த்தரப்புக் குருவிடம் போய்விடுவோம் என்ற மிரட்டல் எப்போதும் கையிருப்பில் இருந்தது. சமத்துவத்தை வற்புறுத்த வந்த வெள்ளைக்காரக் குரு பல இடங்களில் பின்வாங்கியதற்கு அவருடைய மனப்போக்கைவிட இந்தப் பயமே பெரிய காரணம். ஒடுக்கப்பட்டோருக்கோ அந்த மிரட்டல் பெரும்பாலும் கைகொடுக்கவில்லை. மறுபக்கத்திலும் அவர்களுக்குக் கடைசி இடமே காத்திருந்தது.

அக்காலத்துப் பிரிவினையின் உச்சம் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம். அங்கு 1872இல் எழுந்த கோயிலுக்கு இரண்டு கூடங்கள். அவை பீடத்தில் மட்டும் ஒன்றுசேர்ந்து, கால்சட்டையின் இரு கால்களைப் போல விரிந்து பிரிந்தன. ஒன்றில் வேளாளரும் மற்றொன்றில் நாடார் முதலிய பிற சாதியாரும் நின்றனர். இருதரப்பாரும் குருவைக் காண முடியும், ஒருவரையொருவர் காண முடியாது. கட்டடக் கலையின் திறமையெல்லாம் பிரிவினைக்குச் செலவிடப்பட்ட அந்தக் கோயிலின் தடுப்புச் சுவரை, பங்குக் குருவான பிரெஞ்சுக்காரர் கௌசானல் 1910இல் அகற்றச் செய்தார். வேளாளர் தரப்பு நீதிமன்றத்தை நாடியது. கோயிலின் ஒரு பகுதி தங்களுக்கே உரியது என்ற அவர்களின் கோரிக்கை கீழ் நீதிமன்றத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோல்வியடைந்தது. வழிபாட்டு ஒழுங்கை வகுக்கும் அதிகாரம் திருச்சபைக்கே உண்டு என்பது உறுதியாயிற்று. இவ்வழக்கின் வரலாற்றை ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் தமிழில் விரிவாக எழுதியுள்ளார். மறவர் சீமைப் பங்குகளுக்கும் அந்தத் தீர்ப்பு வலுவூட்டியது. ஆயினும் அத்தீர்ப்பு சமத்துவத்தை உரிமையாக அறிவிக்கவில்லை. குரு விரும்பினால் சுவரை இடிக்கலாம் என்று மட்டுமே சொன்னது. விரும்பாத குருவை என்ன செய்வது என்பதற்கு அதில் விடையில்லை.

சீர்திருத்தச் சபைகளின் அனுபவமும் இதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. தஞ்சைப் பகுதியில் லுத்தரன் சபையை வளர்த்த உபதேசியார் இராசநாயக்கன் பறையர் என்பதாலேயே குருப்பட்டம் மறுக்கப்பட்டு, 1741இல் தியாகு என்ற வேறொருவர் குருவாக்கப்பட்டார். ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சாதியை உடனடியாகக் கைவிட ஆணையிட்டபோது உயர்சாதியார் பலர் வெளியேறினர். இன விலக்கை நேருக்கு நேர் சந்தித்தவர் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் அசரியா. 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், ஐரோப்பிய மிஷனரிகள் உதவி தருகிறார்களே ஒழிய நட்புத் தருவதில்லை என்று அவர் முகத்துக்கு நேரே கூறினார். 1912 டிசம்பர் 29இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயராக அவர் திருநிலைப்படுத்தப்பட்டபோது, இந்தியரின் கீழ் ஐரோப்பியர் பணிபுரிவதா என்ற எதிர்ப்பும் எழுந்தது.

கத்தோலிக்கத் தரப்பில் அந்தத் தடை பதினோராண்டுகளுக்குப் பின் உடைந்தது. உள்நாட்டுக் குருக்களிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1919இல் திருத்தூது மடல் எழுதினார். அதைத் தொடர்ந்து 1923 ஜூன் 12இல் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்திலிருந்து தூத்துக்குடி பிரிக்கப்பட்டு, பரதவரான பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் அதன் ஆயரானார். நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயர் அவரே. பேரோ லூயிஸுக்குப் பின் மூடிய கதவு ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்குப் பின், அதே முத்துக்குளித்துறையில், அதே இயேசு சபையைச் சேர்ந்த ஒருவருக்காக முழுமையாகத் திறந்தது. வேம்பார் அவருடைய ஆளுகையில் வந்தது. இராமநாதபுரப் பகுதி 1938இல் அமைந்த மதுரை மறைமாவட்டத்தில் பிரெஞ்சு ஆயரின் கீழ் இருந்து, 1987இல் சிவகங்கை மறைமாவட்டம் உருவானபோது அதனுள் அடங்கியது.

கடல்வழி ஒற்றுமைக்கும் இக்கரையில் சான்றுகள் உண்டு. மூக்கையூரிலும் இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்திலும் சந்தியாகப்பர் எனப்படும் புனித யாகப்பரின் கோயில்கள் உள்ளன. ஐரோப்பாவில் முஸ்லிம்களை எதிர்த்துக் குதிரைமீது போரிட்டவராகச் சித்திரிக்கப்பட்ட அந்தப் புனிதரின் தங்கச்சிமடத் திருவிழாவில் இந்துக்களும் முஸ்லிம்களும் பங்கேற்பது வரலாற்றின் விந்தை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி கச்சத்தீவில் எழுப்பிய புனித அந்தோணியார் கோயில், இலங்கைப் போருக்குப் பின் மீண்டும் இருநாட்டு யாத்திரிகர்களையும் ஈர்த்தது. யாழ்ப்பாண, சிவகங்கை மறைமாவட்டக் குருக்கள் இணைந்து நடத்தும் அவ்விழாவில் இப்போது சிங்களக் கத்தோலிக்கரும் கலந்துகொள்கின்றனர், சிங்களத்திலும் திருப்பலி நடைபெறுகிறது. கடலின் நடுவே ஆளில்லாத் தீவில் இரண்டு நாள் இயன்றது, நிலமும் நீரும் வரியும் மரியாதையும் பங்கிடப்படும் ஊர்களில் எளிதாக இயலவில்லை.

1950 ஆகஸ்டு 10ஆம் நாளின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டபின்னும் தலித் கிறித்தவர் வெளியிலேயே நிற்கின்றனர். கிறித்தவத்தில் சாதியில்லை என்று அரசு கூற, தங்கள் பங்கில் இருக்கிறது என்று அவர்கள் நிறுவ வேண்டியிருக்கிறது. திருச்சபைக்குள் எழுந்த தலித் கிறித்தவர் போராட்டங்களின் அழுத்தத்தால் தமிழக ஆயர் பேரவை 1990இல் பத்து அம்சத் திட்டத்தை அறிவித்தது. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாடு கிறித்தவ ஒருமைப்பாட்டுக்கு எதிரானது என்று வெளிப்படையாகவே கூறினார். வடக்கன்குளத்தில் 1745இல் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயத்தை 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கும் முன்னர், அவர் பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளை என்ற சாதிப் பட்டத்தை உரோமை நீக்கிவிட்டது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது, நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், அவர்களிலிருந்து ஆயர்களானோர் 12 பேரே என்றும் அப்போது கணக்கிடப்பட்டது. முதல் தலித் கர்தினாலாக ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022 ஆகஸ்டு 27இல் பொறுப்பேற்றார். தூத்துக்குடிக்கு முதல் இந்திய ஆயர் கிடைத்து அப்போது 99 ஆண்டுகள் ஆகியிருந்தன.